பைக் சாவி தொலைந்தால் யாரிடம் போவது? சாவிக்காரர், லாக் செட், ஷோரூம்: ஒரு மதிப்பீடு

இரண்டு சாவியும் இல்லை, வண்டி ஹேண்டில் லாக்கோடு தெருவில் நிற்கிறது என்றால் போவதற்கு மூன்று இடம் உண்டு. தகரத்தில் வெட்டிய பெரிய சாவியைத் தொங்கவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் ஒன்று. லாக் செட், அதாவது வண்டியின் பூட்டுகள் எல்லாம் புதுச் சாவியோடு சேர்ந்த செட், விற்கும் ஸ்பேர்ஸ் கடை இன்னொன்று. மூன்றாவது கம்பெனி ஷோரூம். தினசரி ஓட்டத்துக்கான சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு முதல் இடமே போதும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் முடிவு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: சாவிக்காரர் எந்தப் பூட்டில் முதலில் கை வைக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

வந்ததும் வராததுமாக இக்னிஷனில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகப் பார்ப்பவரை அப்போதே நிறுத்திவிடலாம். விவரம் தெரிந்தவர் முதலில் வண்டியைச் சுற்றி வருவார். பக்கத் தகட்டுப் பூட்டு இருக்கிறதா, பெட்ரோல் மூடி எந்த வகை, சீட் லாக் தனியா என்று பார்ப்பார். அதே சாவிக்குத் திறக்கிற, கெட்டுப்போனாலும் இரண்டு மூன்று நூறு ரூபாயோடு போகிற பூட்டில்தான் வேலையைத் தொடங்குவார். இக்னிஷன் பூட்டின் அடியில் மின் இணைப்புத் தட்டு இருக்கிறது, பிளாஸ்டிக்கில் செம்பு முனைகள் பதித்தது. முரட்டுத்தனமாகத் திருகினால் பூட்டு திறக்கிறதோ இல்லையோ, அந்தத் தட்டு விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் இன்ஜின் அணையும், ஹெட்லைட் மினுக்கும். மெக்கானிக் பேட்டரியையும் பிளக்கையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார், சாவி விஷயம் யாருக்கும் நினைவிருக்காது.

பைக் பூட்டைத் திண்டுக்கல் பூட்டோடு சேர்த்து நினைத்துவிட வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு லீவர் வைத்த கனமான கைவேலை. அதில் கை தேர்ந்தவருக்குப் பைக் பூட்டும் வரும் என்று சொல்ல முடியாது. பைக்கில் இருப்பது விரல் தடிமனுள்ள ஓர் உருளை. அதில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி மாதிரி ஒரு ஸ்பிரிங். தட்டின் நடுவில் சாவி நுழையும் செவ்வக ஓட்டை. அந்த ஓட்டை ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும், அந்த உயர வித்தியாசம்தான் உங்கள் சாவியின் பல். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். பல கம்பெனித் தட்டுகளில் 1, 2, 3, 4 என்று படி எண்ணே அடித்திருக்கும். பூட்டைக் கழற்றிப் பிரித்தால் அந்த எண்ணைப் படித்தே சாவி வெட்டிவிடலாம்.

எண் இல்லையென்றால் அரம்தான். வேலை தெரிந்த கை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உருளையை வெளியே எடுத்து இடது கையில் பிடித்துக்கொள்வார். பல் வெட்டாத பிளாங்க்கை நுழைத்ததும் தட்டுகள் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் நகத்தால் மேலே ஒரு தடவு, எது எவ்வளவு துருத்துகிறது என்று நகமே சொல்லும். சாவியை எடுத்து அந்த இடத்தில் மட்டும் முக்கோண அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி நுழை, மறுபடி தடவு. கடைசியில் நகம் எங்கும் இடறாமல் வழுக்கிப் போனால் எல்லாத் தட்டும் மட்டமாகிவிட்டது. ஓர் இழுப்பு கூடிப்போனால் அந்தத் தட்டு எதிர்ப்பக்கம் தலை நீட்டும், பிளாங்க் வீண், புதிதாக ஒன்றை எடுக்க வேண்டியதுதான். அப்படி வீணானதைத் தூக்கிப் போடுகிறாரா, அல்லது "ஆட்டி ஆட்டித் திருப்புங்க சார், திறக்கும்" என்கிறாரா என்பதில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இரு பக்கமும் பல் உள்ள சாவியில் தட்டுகள் ஒன்று மேலாகவும் அடுத்தது கீழாகவும் மாறி மாறித் தள்ளப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் அராவிய சாவி பாதித் தட்டுகளைத்தான் சரியான இடத்துக்குக் கொண்டுவரும். அதனால் இரு பக்கத்தையும் வெட்டியாக வேண்டும், வெட்டிய பின் திருப்பிப் போட்டாலும் திறக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வண்டிகளில் பக்கப் பூட்டிலும் பெட்ரோல் மூடியிலும் இக்னிஷனைவிடத் தட்டுகள் குறைவு. மூடியை வைத்து வெட்டிய சாவி மூடியை அழகாகத் திறக்கும், இக்னிஷனில் நுழைந்து அசையாமல் நிற்கும். சாவிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பல்லை இக்னிஷனில் வைத்து அடையாளம் பார்த்து வெட்ட வேண்டும். அதுவரை பொறுமையாக இருக்கிறாரா என்பதுதான் விஷயம். பெரும்பாலான பல் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இக்னிஷனில் படும் அவஸ்தை குறைவு. முதலில் சின்னப் பூட்டில் தொடங்கச் சொல்வது இதற்குத்தான்.

சீட், ஹேண்டில், இக்னிஷன் எல்லாம் ஒரே துவாரத்தில் இயங்கும் ஸ்கூட்டர்களில் இந்த வசதி கிடையாது. அங்கே நேராக இக்னிஷனில்தான் வேலை, நேரமும் கூலியும் கூடும். அதோடு சாவித் துவாரத்தை மூடும் காந்த ஷட்டர் வேறு. ஆக்டிவா போன்ற வண்டிகளின் சாவித் தலையில் அறுகோண முனை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், உள்ளே குட்டிக் காந்தங்கள் துருவம் மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். அந்த வரிசை பொருந்தினால்தான் மூடிய ஷட்டர் திறக்கும். வெறும் பிளாங்க்கில் சாவி போட்டால் வண்டி ஓடும், ஆனால் யாராவது விளையாட்டுக்கு ஷட்டரை மூடிவிட்டால் மறுபடி சாவிக்காரரிடம்தான் போக வேண்டும். காந்த முனையோடு வரும் பிளாங்க் கடைகளில் கிடைக்கிறது, சாதாரண பிளாங்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு விலை, கொடுக்கலாம். வாங்கும்போதே காந்தம் உங்கள் ஷட்டருக்குப் பொருந்துகிறதா என்று மூடித் திறந்து பார்க்க வேண்டும், பல்லை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ஷட்டரையே உடைத்து எடுத்துவிட்டு "இனி தொல்லை இல்லை" என்பார்கள் சிலர். ஐப்பசி மழையில் தண்ணீரும் மண்ணும் நேராகத் தட்டுகளுக்குள் இறங்கும்போது அந்தத் தொல்லை திரும்பி வரும்.

பிளாங்க் பற்றி இன்னும் கொஞ்சம். நிக்கல் பூசிய பித்தளைதான் வேண்டும். இரும்பு பிளாங்க் காந்தத்தில் ஒட்டும், பித்தளை ஒட்டாது, சோதிக்க இது போதும். இரும்புச் சாவி தேயாது, அதற்குப் பதில் பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தட்டு தேயும். எட்டணா மிச்சம் பிடித்து எட்டு நூறுக்குச் செலவு வைக்கும் சமாசாரம். பக்கவாட்டுக் காடியும் பொருந்த வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஆனால் காடி இடப்பக்கம் ஒரு வகை, வலப்பக்கம் ஒரு வகை என்று வரும். காடி சேராத பிளாங்க்கை அராவி மெலிதாக்கி நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சாவி ஆறு மாதத்தில் கழுத்தில் ஒடிந்து பாதி உள்ளே தங்கும். அப்படித் தங்கினால் மிச்சத் துண்டின் முனையில் ஃபெவிக்விக் தடவி இழுக்கும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். பசை ஸ்பிரிங்குகளுக்குள் வழிந்துவிட்டால் எந்தச் சாவிக்காரராலும் காப்பாற்ற முடியாது.

கூலி ஊருக்கு ஊர் மாறும், பகலுக்கும் ராத்திரிக்கும் மாறும். கையில் ஒரு சாவி இருந்து அதைப் பார்த்து மெஷினில் இன்னொன்று வெட்ட 50 முதல் 150 ரூபாய். எல்லாம் தொலைந்து, வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பூட்டைப் பார்த்துப் புதிதாகச் செய்ய நகரங்களில் சுமார் 300-லிருந்து 800 வரை. இரவு பத்து மணிக்கு மேல், ஊர் எல்லையில் என்றால் வந்துபோகும் செலவு தனி. ஹேண்டில் லாக் போட்ட வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகும் வாடகையோடு ஒப்பிட்டால் ஆளைக் கூப்பிடுவதே லாபம். போனிலேயே வண்டி மாடல், வருடம், ஷட்டர் உண்டா, மூடியா திறந்தா என்று சொல்லிவிட்டால் சரியான பிளாங்க்கோடு வருவார். சொல்லாவிட்டால் இரண்டு நடை.

நல்ல சாவிக்காரர் ஆர்.சி. கேட்பார். கோபப்படக் கூடாது. "கள்ளச் சாவி" என்ற பெயரே அவர்கள் தலையில் நாம் ஏற்றிய பழி, அதைத் தவிர்க்கத்தான் அவர் கேட்கிறார். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் போதும். கேட்காதவரைவிடக் கேட்பவரை நம்பலாம்.

இனி லாக் செட். இக்னிஷனோடு ஹேண்டில் லாக், பெட்ரோல் மூடி, பக்கப் பூட்டு அல்லது சீட் லாக், இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு சாவி என்று ஒரே டப்பாவில் வரும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான ஸ்பேர்ஸ் தெருக்களில் கம்யூட்டர் பைக்குகளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கும், மாடலைப் பொறுத்து அதற்கு மேல் போகும். மாட்டும் கூலி தனி. புதுப்பேட்டைப் பக்கம் பழைய லாக் செட்டும் கிடைக்கும். வேறு எதுவானாலும் பழசு வாங்கலாம், பூட்டைப் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை: அதன் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

லாக் செட் வாங்கும்போது வயர் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை, பார்க்காமல் வாங்கிவிட்டுத் திரும்பி அலைபவர்கள்தான் அதிகம். ஒரே பெயரில் வரும் வண்டிக்கே கார்புரேட்டர் மாடலுக்கு ஒரு கப்ளர், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) மாடலுக்கு வேறு கப்ளர் இருக்கலாம். பின் எண்ணிக்கையும் கப்ளர் வடிவமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததை வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றி மாட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். பழைய பூட்டைக் கழற்றுவதிலும் இடைஞ்சல் உண்டு. ஹேண்டில் டீயில் (ஹேண்டிலை முன் ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் பாகம்) பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் சில வண்டிகளில் சாதாரண ஆலன் போல்ட், சிலவற்றில் கம்பெனியிலேயே தலையை ஒடித்துவிட்ட திருட்டுத் தடுப்பு போல்ட். இரண்டாவது வகை என்றால் உளி வைத்துத் தட்டித் திருப்பவோ துளை போடவோ வேண்டும், அரை மணி வேலை ஒன்றரை மணி ஆகும், கூலியும் அப்படியே. புதிதாகப் போடும்போது சாதாரண போல்ட் போட்டுவிடுவார்கள். கழற்ற எளிது, உங்களுக்கு மட்டுமல்ல.

கவனிக்காமல் விடப்படுவது பெட்ரோல் மூடி. சாவி இல்லாத மூடியைத் துளை போட்டு உடைத்து எடுப்பதை டேங்க் மேல் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் டிரில்லிங் மெஷினின் பொறி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் தப்பினாலும் இரும்புத் துகள் டேங்க்குக்குள் விழும். எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் துகள் நேராக அதன் வடிகட்டியில் போய் உட்காரும். அதனால் லாக் செட்டே மாற்றுவதாக இருந்தாலும் பெட்ரோல் மூடியை முதலில் சாவிக்காரரை வைத்துத் திறந்துகொள்வதுதான் சரி. டேங்க்கோடு மட்டமாக உட்காரும் வகை மூடிகளில் மேலே தெரியும் ஸ்க்ரூக்களில் சில வெறும் அலங்காரம். நிஜமாகப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ சில வண்டிகளில் மூடியைத் திறந்தால்தான் கண்ணுக்கே படும்.

புது மூடியில் காற்றுத் துவாரம் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலிவு செட்டுகளில் அந்தத் துவாரம் அடைபட்டோ ரப்பர் வாஷர் அதன் மேல் படிந்தோ வருவதுண்டு. வண்டி இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு பெட்ரோல் இறங்காமல் இழுத்து இழுத்து நிற்கும். மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். இப்படி ஆனால் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல, மூடி.

அப்படியானால் லாக் செட் யாருக்கு? தொலைந்த சாவி யார் கையிலாவது கிடைத்து, வண்டியையும் அவர் அடையாளம் காண முடியும் என்றால். மெரினா மணலில் விழுந்த சாவிக்காக ஆயிரத்து ஐந்நூறு செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில், ஆபீஸ் பார்க்கிங்கில், ஆர்.சி. நகலோடு இருந்த பையில் தொலைந்தால் பூட்டு மாறியே ஆக வேண்டும். அதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது, ஏனோ யாரும் கேட்பதில்லை: தட்டு மாற்றுதல். புதுச் சாவி வெட்டியதும் அதை வைத்தே உருளையை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் தட்டுகளை இடம் மாற்றி அடுக்கி, அந்தப் புது வரிசைக்கு இன்னொரு சாவி வெட்டிக்கொள்வது. பழைய சாவி நுழையும், திரும்பாது. ஒவ்வொரு பூட்டுக்கும் செய்ய வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், எல்லாச் சாவிக்காரருக்கும் வராது. வருபவர் கிடைத்தால் மலிவு லாக் செட்டைவிட இது மேல், ஏனென்றால் கம்பெனிப் பூட்டு அப்படியே இருக்கிறது.

ஷோரூம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாதாரண வண்டிக்கு அவர்கள் சாவி வெட்டுவதில்லை, பெரும்பாலும் ஒரிஜினல் லாக் செட்டைத்தான் மாற்றச் சொல்வார்கள். கையில் சாவி எண் இருந்தால் சில கம்பெனிகளில் அந்த எண்ணுக்குச் சாவி வரவழைக்கலாம். ஆர்.சி., அடையாள அட்டை, சேஸிஸ் எண் கேட்பார்கள், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். புது வண்டி எடுத்தபோது சாவியோடு கோத்திருந்த சின்னத் தகட்டில் இருப்பதுதான் அந்த எண். சில வண்டிகளில் சாவியிலேயே அடித்திருக்கும். தகட்டைச் சாவிக் கொத்திலேயே விட்டு வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் தொலையும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமைத் தவிர வேறு வழியில்லாத வண்டிகள் இம்மொபிலைசர் உள்ளவை. டிரையம்ப் ஸ்பீட் 400, பெரிய இறக்குமதி பைக்குகள் பலவும் இந்த ரகம். சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் இருக்கும், இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருள் அதைப் படித்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்குச் சொல்லும். நடைபாதையில் வெட்டிய சாவி பூட்டில் நன்றாகத் திரும்பும், இன்ஜின் மட்டும் ஓடாது. ஒரு சாவி மிச்சமிருந்தால் புதிய சாவியைப் பதிவு செய்வதோடு முடியும். இரண்டும் போனால் சில கம்பெனிகளின் அமைப்பில் ஈ.சி.யு.வையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், பில் பல ஆயிரங்களில் நிற்கும். இந்த வகை வண்டி வைத்திருப்பவர் இரண்டாவது சாவியை ஒரே கொத்தில் கோத்துக்கொண்டு திரிவது துணிச்சல்தான். 2023-ல் வந்த ஆக்டிவா ஹெச்-ஸ்மார்ட் போன்ற ஸ்மார்ட் கீ வண்டிகளுக்கும் பதிவு ஷோரூமில்தான். ஆனால் அங்கே ஓடுவதற்கு முன் உள்ளிருக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல்லை மாற்றிப் பாருங்கள். "சாவி கெட்டுப்போச்சு" என்று வருவதில் கொஞ்சம் வெறும் செல் தீர்ந்த கேஸ்.

இன்சூரன்ஸ் விஷயம் ஒன்று. வண்டி திருடுபோய் க்ளெய்ம் போட்டால் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்தால் அதற்குக் காகிதம் காட்ட வேண்டிவரும். அதனால் தொலைந்ததைப் போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குவதும், லாக் செட் மாற்றிய பில்லைப் பத்திரப்படுத்துவதும் வீண் வேலை இல்லை. ஒரு சாவி மிச்சமிருக்கும்போதே நகல் எடுப்பவர்கள், தினம் ஓட்டும் தேய்ந்த சாவியைக் கொடுக்காமல் பீரோவில் தூங்கும் சாவியைக் கொடுக்க வேண்டும். மெஷின் முன்னால் வைத்ததை அப்படியே பார்த்து வெட்டும், தேய்மானத்தையும் சேர்த்து.

காசு கொடுப்பதற்கு முன் சாவியைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில் பல்லின் ஓரத்தைத் துணியில் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் பிசிறு இருக்கிறது, அரத்தால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூள் பூட்டுக்குள் போகும். இக்னிஷனில் பத்து முறை போட்டு எடுக்க வேண்டும், இரு பக்கமாகவும். ஆட்டாமல், அழுத்தாமல் திரும்ப வேண்டும். ஆன் நிலையில் சாவியை வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. வந்தால் பல் ஆழம் கூடிவிட்டது, அல்லது தட்டு தேய்ந்துவிட்டது, ஓட்டத்தில் குழியில் விழுந்தால் சாவி ரோட்டில் கிடக்கும். ஹேண்டில் லாக்கைப் போட்டு எடுங்கள். அது மட்டும் இறுக்கமாக இருந்தால் உடனே சாவியைக் குறை சொல்லாமல், ஹேண்டிலை லேசாக அசைத்தபடி திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் லாக் பின் மேல் பாரம் இருந்திருக்கும். பெட்ரோல் மூடி, சீட், பக்கப் பூட்டு, ஹெல்மெட் லாக் இருந்தால் அதுவும். பூட்டுக்குள் இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் விட விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சில் லெட்டைப் பொடித்துச் சாவியில் தடவி நான்கு முறை நுழைத்து எடுத்தால் போதும். எல்லாம் திறந்தால், அதே ஆளிடம் அதே இடத்திலேயே இரண்டாவது சாவியையும் வெட்டி வாங்கிக்கொண்டு கணக்கை முடியுங்கள். பல் அளவு கையில் இருக்கும்போது அதற்கு வெறும் நகல் கூலிதான்.